பதினெட்டாம் வருடக் காணிக்கை

விவாகரத்து என்றால் சொத்து பாதிக்குப் பாதி என்றுதான் கெசியா நினைத்திருந்தாள். நீதிபதி கையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். வீடு, நிலம், பீரோ எல்லாவற்றையும் நடுவில் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார் என்பதுபோல. பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த வக்கீல் வேணி, முதல் நாளே அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்படி ஒரு சட்டம் நம்ம நாட்டுல கிடையாது டீச்சர். கல்யாணம் முறிஞ்சா சொத்து தானா உடையாது. யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. உங்க நகை உங்களுக்கு. ஜீவனாம்சம், பிள்ளை செலவு அதெல்லாம் தனி. வீட்டைப் பொறுத்தவரை பத்திரம் என்ன பேசுதோ அதுதான் பேச்சு."

"எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு."

"யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்போ ஆளுக்குப் பாதின்னு எடுத்துக்குவாங்க. கடனை நான்தான் கட்டினேன்னு நீங்க நிரூபிக்கலாம். நிரூபிச்சு முடிக்கதுக்குள்ள உங்க பொண்ணுக்குப் பொண்ணு பிறந்துரும்."

கெசியா கணக்கு டீச்சர். வேணி சொன்னதையெல்லாம் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டாள். கே.டி.சி. நகரில் ஐந்து சென்ட், அதில் இரண்டு படுக்கையறை வீடு. பதினோரு வருடம் அவள் சம்பளத்தில் போன கடன் சித்திரையில்தான் முடிந்தது. வங்கியிலிருந்து அசல் பத்திரம் திரும்பி வந்திருந்தது. இதைத் தவிர, சாத்தான்குளம் பக்கம் நாற்பது சென்ட் பனங்காடு. கணவன் ஜாஸ்பரின் அப்பா நிலத்தை ஒட்டி விலைக்கு வந்ததால் அவள் நகையை விற்று வாங்கியது. அதுவும் இரண்டு பேர் பெயரிலும்தான்.

"பாதின்னா எந்தப் பாதி?" என்று கெசியா கேட்டாள். "முன் ரூமா, பின் ரூமா?"

வேணிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுதான் விஷயமே. எந்தப் பாதியும் இல்ல. ஒவ்வொரு செங்கல்லுலயும் பாதி அவர், பாதி நீங்க. பிரிபடாத பாகம்னு பேரு. அவர் பாகத்தை அவர் யாருக்கு வேணும்னாலும் விக்கலாம். வாங்கினவன் பாகம் கேட்டுக் கேஸ் போடலாம். நிலம்னா கோர்ட் கயிறு பிடிச்சு அளந்து கொடுத்துரும். ஐஞ்சு சென்ட் வீட்டை எப்படி அளக்க? வெட்ட முடியாததை வித்துத்தான் பிரிப்பாங்க."

"ஏலமா?"

"ஏலம்தான்."

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது கெசியாவுக்குத் தாழ்ப்பாள்கூடப் பாதிதான் தன்னுடையது என்று தோன்றியது. மகள் ஸ்டெபி பிளஸ் டூ. அவளையும் கூட்டிக்கொண்டு போய் நிற்க வேறு கூரை கிடையாது. அன்றிலிருந்து கெசியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் ஜாஸ்பரின் பாதி.

ஜாஸ்பர் அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசாமல் இருப்பான். ஏதோ ஒன்று பிடிக்கவில்லை என்றால் மூன்று நாள், ஒரு வாரம், ஒரு தடவை நாற்பத்தொரு நாள். அவள் எண்ணியிருக்கிறாள். என்ன பிடிக்கவில்லை என்று அந்த நாற்பத்தொரு நாள் முடிந்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம், கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஷிப்ட்டுக்கு வசதி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவருமே கோயிலுக்கு வந்தார்கள். சர்ச்சை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிரிந்துபோன கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பவர்களைப் போலவே உட்கார்ந்திருக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

அந்த இரண்டு வருடம்தான் இப்போது தேவைப்பட்டது. "எங்க இந்துச் சட்டத்துல ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தாப் போதும்," என்று வேணி சொன்னாள். "உங்க கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்துல ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மனு போடலாம். போட்டதும் கொடுத்துர மாட்டாங்க. ஆறு மாசம் யோசிக்க விடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் மறுபடி வந்து 'ஆமா'ன்னு சொல்லணும். அப்பதான் தீர்ப்பு."

"ஒருத்தர் வரலன்னா?"

"மனு செத்துப்போச்சு."

வீட்டை அவளும் பனங்காட்டை அவனும் எடுத்துக்கொள்வது என்று ஃபோனில் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தார்கள். திருமண வாழ்க்கையில் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் எதையும் முடிவு செய்ததில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் எல்லாம் நின்றது. தீர்ப்பு வந்த பிறகு சொத்தைப் பிரித்தால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் யாரோ இருவர். முத்திரைத்தாள் செலவு பல மடங்கு ஆகும். கணவன் மனைவியாக இருக்கும்போதே பிரித்தால் குடும்பப் பாகப்பிரிவினை. ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆக, தீர்ப்புக்கு முன்னால்தான் பிரிக்க வேண்டும். வீடு இருப்பது திருநெல்வேலி மாவட்டம். பனங்காடு தூத்துக்குடி மாவட்டம். அங்கே போய் முதலில் அவள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், இங்கே வந்து அவன் போடுவானா? இங்கே அவன் முதலில் போட்டால், அங்கே அவள் போவாளா? நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்துப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தில் யார் மனசு வேண்டுமானாலும் மாறலாம்.

அதைத் தீர்த்து வைத்தவர் பத்திரம் எழுதும் கொம்பையா. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்திருந்தார். கெசியா சொல்லச் சொல்லச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஒரு கணக்கை ரெண்டு கணக்காப் போட்டுக்கிட்டு முழிக்கிய. ரெண்டு பத்திரம் என்னத்துக்கு? ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம். அ அட்டவணையில வீடு, உங்களுக்கு. ஆ அட்டவணையில பனங்காடு, அவங்களுக்கு. ரெண்டு சொத்துல ஒண்ணு இந்த ஆபீஸ் எல்லைக்குள்ள இருந்தாப் போதும், முழுப் பத்திரத்தையும் இங்கனயே பதியலாம். தகவலை சாத்தான்குளம் ஆபீசுக்கு இவுகளே அனுப்பிருவாவ."

"யார் முதல்ல கையெழுத்துப் போடுதது அண்ணாச்சி?"

"யார் போட்டா என்ன? ஒருத்தர் மட்டும் போட்டா அது வெறும் பேப்பரு. ரெண்டு பேரும் போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் கிடைக்கும். ரெண்டு காலும் சேர்ந்து எடுத்து வைக்கிற மாதிரி, தவளை கணக்கா."

கெசியா பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். வகுப்பில் ஒரு சின்னச் சிக்கலைத் தன் மாணவர்கள் யாராவது அவிழ்த்துக் காட்டினால் வருமே, அந்தச் சிரிப்பு. ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, டோக்கன் எண் ஒன்பது. அடுத்த திங்கட்கிழமை குடும்பநல நீதிமன்றத்தில் மனு தாக்கல் என்று வேணி நாள் குறித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே கெசியா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கொம்பையா பத்திரத்தை இரண்டு படியாக எடுத்து, ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் 'கணவன் மனைவியாகிய நாம் இருவரும்' என்று இருந்தது. திங்கட்கிழமை போடப்போகும் மனுவில் 'கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் சேர்ந்து வாழவில்லை' என்று இருக்கும். இரண்டும் உண்மை என்று வேணி விளக்கியிருந்தாள். உறவு பெயரளவில் இருக்கலாம், வாழ்க்கை இல்லாமல் இருக்கலாம். சட்டத்துக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

பதினொரு மணிக்கு ஜாஸ்பர் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு நேராக வந்து, பெஞ்சில் கெசியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத்தை மடித்தபடி வைத்தான். சபையின் மாத மடல். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாதாமாதம் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். பிறந்தநாள் கண்டவர்கள், திருமண நாள் கண்டவர்கள், அவர்கள் படைத்த ஸ்தோத்திரக் காணிக்கை. ஜூலை பதினான்குக்கு நேரே அச்சாகியிருந்தது: திரு. ஜாஸ்பர் – திருமதி. கெசியா, பதினெட்டாம் திருமண நாள்.

"நீயா போட்ட?" என்றான் ஜாஸ்பர்.

"ஆமா."

அதன் பிறகு அவன் பேசவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு டோக்கன் எண் மாறும் திரையைப் பார்த்தபடி நின்றான். ஐந்து. உள்ளே யாரோ போனார்கள். கெசியாவுக்கு இந்த மௌனத்தைத் தெரியும். இதன் நீளம் மட்டும்தான் தெரியாது. இது மூன்று நாளாக இருந்தாலே வீடு போய்விடும்.

வேணி வந்து சேர்ந்தபோது திரையில் ஆறு.

"என்ன, ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கீங்க?" என்றவள் பெஞ்சில் கிடந்த மடலைப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. கெசியா சொன்னாள். கல்யாண நாளுக்குக் காணிக்கை போட்டால் பெயர் வரும் என்று.

"பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆன பிறகா போட்டீங்க?" வேணி நெற்றியைத் தேய்த்தாள். "சரி. இது கேஸைக் கொல்லாது. ஒரே வீட்டுல இருந்தீங்கன்னு இது நிரூபிக்கல. ஆனா யாராவது கோர்ட்ல நீட்டினா, நீதிபதி கட்டாயம் ஒரு கேள்வி கேப்பாரு."

"யாரு நீட்டப்போறா?" ஜாஸ்பரின் வாய் திறந்தது. "அவளே நீட்டுவா மேடம். இன்னைக்கு வீடு கைக்கு வந்துரும். ஆறு மாசம் கழிச்சு கோர்ட்ல நின்னு, நான் அவரோட வாழத்தான் ஆசைப்படுதேன், இந்தா பாருங்க ஸ்தோத்திரக் காணிக்கைன்னு சொல்லுவா. மனு செத்துப்போகும். நான் பனங்காட்டுல கள்ளு இறக்கிக்கிட்டுக் கிடக்கணும்."

"கள்ளு இறக்கினாப் பிடிச்சுருவாவ, பதனி இறக்கும்," என்றார் கொம்பையா. யாரும் சிரிக்கவில்லை.

"ஆறு மாசம் கழிச்சு வந்து சம்மதிப்பேன்னு இப்பவே எழுதி வாங்க முடியாதா?" ஜாஸ்பர் வேணியிடம் கேட்டான்.

வேணி உண்மையைச் சொன்னாள். "எழுதலாம். ஆனா அதை வச்சு யாரையும் இழுத்துட்டு வந்து 'ஆமா' சொல்ல வைக்க முடியாது. மனசு மாறத்தான் அந்த ஆறு மாசமே கொடுக்காங்க. அவங்க மாறலாம், நீங்களும் மாறலாம். அதுக்குப் பூட்டு கிடையாது சார்."

"அப்போ நான் கையெழுத்துப் போடல."

வெளியே போய் பைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். சாவியை எடுக்கவில்லை, ஆனால் கை பேண்ட் பையிலேயே இருந்தது.

திரையில் ஏழு.

"டீச்சரம்மா," கொம்பையா குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு விட்டா மறுபடி டோக்கன் போடலாம், அது ஒண்ணும் பெரிசில்ல. மனுசன் மறுபடி வரணுமே. போய்ப் பேசுங்க. பைய பேசுங்க."

கெசியா மடலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயில் ஏறியிருந்தது.

"போன வருஷமும் நான்தான் போட்டேன்," என்றாள். "நீங்க பாக்கல."

அவன் நிமிர்ந்தான்.

"அந்தப் பட்டியலை யாரும் இருக்கிற பேருக்காக வாசிக்கிறதில்ல. இல்லாத பேருக்காகத்தான் வாசிப்பாவ. ஜூலை பதினாலு காலியா இருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையே ஏழு பேர் வந்து என்னன்னு கேப்பாவ. நான் என்னன்னு சொல்ல? அடிச்சாரா, இல்ல. குடிச்சாரா, இல்ல. வேற தொடுப்பா, இல்ல. பேச மாட்டாருன்னு சொன்னா, அதுக்கா விவாகரத்துன்னு சிரிப்பாவ. அதுக்குப் பயந்துதான் போட்டேன். உங்களுக்காக இல்ல."

"அதான் நானும் சொல்லுதேன்," என்றான் ஜாஸ்பர். கோபம் இல்லாமல் சொன்னதுதான் அவளை உலுக்கியது. "ஒரு மாசம் பேரு வராததுக்கே பயப்படுத. தீர்ப்புன்னா ஊருக்கே தெரியும். நீ எப்படி கோர்ட்டுக்கு வருவ? வர மாட்ட கெசியா. வரணும்னு நீ நினைச்சாக்கூட உன்னால வர முடியாது."

கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டு விடை மட்டும் சரியாக எழுதிய பிள்ளையை அவள் எப்போதும் திரும்பப் போடச் சொல்வாள். இப்போது தன் கணக்கில் விட்டுப்போன படி அவளுக்குத் தெரிந்தது. வீடு, பத்திரம், மனு, ஆறு மாதம், தீர்ப்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். யாருக்கும் தெரியாமலே இது நடந்து முடியும் என்று உள்ளுக்குள் நம்பியதை மட்டும் எழுதவில்லை. அவன் சொல்வது சரிதான். பிப்ரவரியில் ஏதாவது ஒரு காய்ச்சலைச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள்.

உள்ளேயிருந்து எட்டு என்று கூப்பிட்டார்கள்.

கெசியா ஃபோனை எடுத்தாள். எண்ணைத் தேடும்போது விரல் இரண்டு தடவை தப்பான பெயரில் பட்டது. ஸ்பீக்கரைப் போட்டாள். மறுபக்கத்தில் எடுத்தவர் ஞானசிகாமணி, சபை அலுவலகத்தில் சந்தா வாங்கி ரசீது போடுபவர். அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால் கோயில் மணி தனியாக அடிக்க வேண்டியதில்லை.

"ஸ்தோத்திரம் டீச்சர், சொல்லுங்கம்மா."

"ஸ்தோத்திரம் ஐயா. எங்க குடும்பச் சந்தா அட்டையை ரெண்டாப் பிரிக்கணும்."

"ஸ்டெபிக்குத் தனி அட்டையா? அவ இன்னும் திடப்படுத்தல் எடுத்து முழு அங்கத்தினர் ஆகலையே."

"இல்லய்யா. எனக்கும் ஸ்டெபிக்கும் ஒரு அட்டை. அவுகளுக்கு ஒரு அட்டை."

மறுபக்கம் ரசீதுப் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"கங்கைகொண்டான் சபைக்கு மாத்துதாவளோ?"

"இல்லய்யா." "நாங்க ரெண்டு வருஷமா சேர்ந்து இல்ல. திங்கக்கிழமை கோர்ட்ல மனு போடுதோம்."

"ஏசுவே," என்றார் ஞானசிகாமணி. பிறகு, "குருவானவர்ட்ட பேசினியளாம்மா?"

"இன்னைக்குச் சாயங்காலம் பேசுதேன். அடுத்த ஜூலையில எங்க பேரு அந்தப் பட்டியல்ல வரக்கூடாதுய்யா."

"அது வராதும்மா," என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "காணிக்கை போட்டாத்தான வரும். போடாட்டி எப்படி வரும்?"

கெசியா ஃபோனை வைத்தாள். பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜாஸ்பர் சாவி இல்லாமல் வெறும் கையைப் பையிலிருந்து எடுத்தான். வாசலில் நின்ற கொம்பையா, "ஒம்போது! ஒம்போது!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார். அவன் முன்னால் நடந்தான்.

சார்பதிவாளர் ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பப் பாகப்பிரிவினைன்னு போட்டிருக்கீங்க. கணவன் மனைவிதானே?"

"ஆமா," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். திருமண நாளன்று பீடத்தின் முன்னால்கூட அவர்கள் முன்னும் பின்னுமாகத்தான் பதில் சொன்னார்கள்.

புகைப்படம் எடுத்தார்கள். ஜாஸ்பரின் ரேகையைக் கருவி உடனே வாங்கிக்கொண்டது. கெசியாவின் இடது கட்டைவிரலை வாங்கவில்லை. துடைத்து வைத்தாள், சிவப்பு விளக்கு. அழுத்தி வைத்தாள், மறுபடியும் சிவப்பு. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இது நின்றுவிட்டால் என்ற நினைப்பில் அவளுக்கு விரல் வியர்த்தது. வியர்க்க வியர்க்க ரேகை இன்னும் வழுக்கியது.

"இடது கை வேண்டாம் சார்," என்றான் ஜாஸ்பர் கருவியைப் பார்த்தபடி. "அவ இடது கைக்காரி. சாக்பீஸ் பிடிச்சுப் பிடிச்சு அந்தக் கை தேய்ஞ்சு போச்சு. வலது கை விரலை வைக்கச் சொல்லுங்க."

வலது கை ஆட்காட்டி விரலை வைத்தாள். பச்சை.

கொம்பையாவும் வேணியின் குமாஸ்தாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பத்திர எண் விழுந்தது. ஒரு படி அவளுக்கு, ஒரு படி அவனுக்கு. ஸ்கேன் ஆனதும் சாயங்காலம் கிடைக்கும். வீடு முழுதாக அவள் பெயருக்கு வந்துவிட்டதாக வேணி காதருகே சொன்னாள். அறுபது பேர் வகுப்பின் விடைத்தாளைத் திருத்தி முடித்த மாதிரி இருந்தது கெசியாவுக்கு; மகிழ்ச்சி எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்தது.

வெளியே ஜாஸ்பர் பைக்கைத் திருப்பினான்.

"திங்கக்கிழமை பத்து மணி. அதுக்கப்புறம் பிப்ரவரி," என்றான். "வருவேல்லா?"

"நீங்க வருவீங்கல்லா?"

வேணி சொன்னபடி, அதற்குப் பூட்டு கிடையாது. அவன் வண்ணார்பேட்டைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துவிட்டு, கெசியா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஃபோன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்புகள் நான்கு. ஞானசிகாமணியிடம் பேசி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்தாவதாக இப்போது அடித்துக்கொண்டிருந்தது சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ரீபா அக்கா. பதினெட்டு வருடமாக அவளுக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்காருபவர்.

அடித்து ஓயட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓயவில்லை. எடுத்தாள்.

"ஏட்டி கெசியா, என்னமோ கேள்விப்பட்டேனே. மெய்தானா? ஞானசிகாமணி அண்ணனுக்கு வயசாயிட்டு, எதையாவது உளறுதாரோன்னு..."

"மெய்தான்க்கா," என்றாள் கெசியா. எதிர் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஃபோன்ல வேண்டாம். எங்க வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."